கடலடியில் ஒரு துப்புரவு நிலையம்

மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் மாட்டின் முதுகில் காக்கை உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. மாட்டின் காது மடலிலும் வயிற்றடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிகளை அது கொத்தித் தின்கிறது. மாட்டுக்குத் தொல்லை தீர்கிறது; காக்கைக்கு வயிறு நிறைகிறது. இதுவரையில் சரி. அதே மாட்டின் கழுத்தில் நுகத்தடி உராய்ந்து உண்டான புண் ஒன்று இருந்தால் என்ன நடக்கும்? காக்கை உண்ணியை விட்டுவிட்டுப் புண்ணைக் கொத்தத் தொடங்கிவிடும். 'எருதின் நோய் காக்கைக்குத் தெரியுமா?' என்று நம் ஊர்களில் சொல்வது இதைத்தான்.

உண்ணி பொறுக்க வந்தவன் சதையையும் பறித்துக்கொண்டு போகக்கூடும் என்றால், அவனை நம்பி உடம்பை ஒப்படைப்பது எப்படி? வாலைச் சுழற்றி விரட்டுவதைத் தவிர மாட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் வெப்பக் கடல்களின் பவழப்பாறைகளில் வாழும் மீன்கள் இந்தச் சிக்கலை வியக்கத்தக்க முறையில் சமாளித்து வருகின்றன. அங்கே காக்கையின் இடத்தில் இருப்பது விரல் நீளமே உள்ள ஒரு நீலநிற மீன். அதன் விஞ்ஞானப் பெயர் லாப்ராய்டெஸ் டிமிடியேட்டஸ். நாம் அதைத் துப்புரவு மீன் என்றே அழைக்கலாம்.

செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் தொடங்கி, இலட்சத்தீவு, மாலத்தீவு, நம் மன்னார் வளைகுடா ஆகியவற்றின் பவழப்பாறைகள் வழியாகப் பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதித் தீவுகள் வரை இம்மீன் பரவியிருக்கிறது. முழு வளர்ச்சி பெற்றதும் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்; மிகப் பெரியது 14 சென்டிமீட்டரைத் தாண்டாது. உடலின் முன்பாதி வெளிர் மஞ்சள் கலந்த வெண்மை. வாலை நெருங்க நெருங்கப் பளிச்சென்ற நீலம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரு கருங்கோடு ஓடுகிறது. கோடு தலையில் மெலிதாகத் தொடங்கி வாலில் அகன்று முடியும்.

வாடிக்கையாளர் வரிசை

பாறையின் துருத்திய முனை ஒன்றையோ, தனித்து நிற்கும் பவழக் கொத்து ஒன்றையோ தன் இடமாக வைத்துக்கொண்டு, துப்புரவு மீன் நாள் முழுவதும் அங்கேயே சுற்றி வரும். மற்ற மீன்கள் அதைத் தேடி வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் முடி திருத்தும் நிலையத்தில் காத்திருப்பவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. முறை வந்ததும் தலையை மேலே நிமிர்த்தியோ கீழே கவிழ்த்தோ அசையாமல் மிதக்கும். துடுப்புகளை விரித்து, செவுள் மூடிகளை அகலத் திறந்து காட்டும். சில நவரை மீன்களின் உடல் அப்போது சிவந்துவிடும்.

துப்புரவு மீன் வாலை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் போட்டபடி வந்து, வாடிக்கை மீனின் உடலை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும். செவுள் இடுக்கில் தலையை நுழைக்கும். களவா, அஞ்சாளை போன்ற கொலைகார மீன்களின் வாய்க்குள்ளேயே புகுந்து பல்லிடுக்கைத் துழாவும். வேறு சமயத்தில் அந்த அளவுள்ள எந்த மீனையும் ஒரே விழுங்காக விழுங்கிவிடும் களவா, அப்போது வாயைப் பிளந்துகொண்டு பொறுமையாக நிற்கும்.

அது தேடித் தின்பது பெரும்பாலும் நாத்தியிட் எனப்படும் ஒட்டுண்ணிகளின் குஞ்சுகளை. இறால், நண்டு ஆகியவற்றுக்குத் தூரத்து உறவான இவை ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. நம் வீட்டு மூட்டைப்பூச்சியைப் போலப் பாறை இடுக்குகளிலிருந்து புறப்பட்டு வந்து, மீனின் உடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சிவிட்டு மறுபடியும் இடுக்குக்குப் போய்விடும்.

ஒரு நாளில் இம்மீன் எவ்வளவு வேலை செய்கிறது? ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவழத்திட்டில் உள்ள லிசார்டு தீவில் அலெக்சாண்டிரா குரூட்டர் என்னும் பெண் விஞ்ஞானி இதைக் கணக்கிட்டு 1996-இல் வெளியிட்டார். ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்குச் சராசரியாக 2,297 முறை மீன்களைச் சோதிக்கிறது. 1,218 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. பகல் பொழுதை 12 மணி நேரம், அதாவது 43,200 நொடிகள் என்று கொண்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். 19 நொடிக்கு ஒரு வாடிக்கையாளர்! ஏறத்தாழ 35 நொடிக்கு ஓர் ஒட்டுண்ணி! இடையில் உணவு இடைவேளை தேவையில்லை, வேலையே உணவுதான்.

நீலச் சீருடை

நான் பாடம் நடத்துவது இயற்பியல். ஆகவே இந்த நிறத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

கடல்நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உள்ளே விடுவதில்லை. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி தூய நீரில் 2 மீட்டர் தூரம் செல்வதற்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அடுத்த 2 மீட்டரில் அந்தப் பாதியில் பாதி. இப்படியே கணக்கிட்டால் 10 மீட்டர் ஆழத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 சதவீதம்தான் மிஞ்சும். மேலே செக்கச்செவேல் என்று தெரியும் பொருள் அங்கே அழுக்குச் சாம்பல் நிறமாகத் தோன்றும். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியோ அதே 10 மீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழப்பதில்லை. எனவே கடலடியில் விளம்பரப் பலகை எழுத விரும்புகிறவன் சிவப்பு மையைத் தொடக்கூடாது. நீலம் பழுப்பும் பச்சையுமான பாறைப் பின்னணியில் எடுப்பாகத் தெரியும். மஞ்சளோ நீல நீர்ப் பின்னணியில் பளிச்சிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கருங்கோடு போட்டுவிட்டால் எல்லை இன்னும் தெளிவாகிவிடும். துப்புரவு மீனின் உடலில் இவை மூன்றும் இருக்கின்றன. உலகின் வெவ்வேறு கடல்களில், ஒன்றோடொன்று உறவில்லாத பல துப்புரவு மீன்கள் இதே நீலத்தையும் மஞ்சளையும் கொண்டிருக்கின்றன என்பது 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின் முடிவு.

சீருடை என்று ஒன்று இருந்தால் அதைத் திருட்டுத்தனமாக அணிபவனும் இருப்பான் அல்லவா? ஆஸ்பிடாண்டஸ் டேனியேட்டஸ் என்ற மீன், நிறத்திலும் கோட்டிலும், ஏன், ஆட்டத்திலும்கூட துப்புரவு மீனை அப்படியே ஒத்திருக்கிறது. துப்புரவு நடக்கும் என்று நம்பி அசையாமல் நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. உண்மையான துப்புரவு மீனின் வாய் முகத்தின் முனையில் இருக்கும். போலியின் வாய் மூக்குக்கு அடியில், கீழ்நோக்கி இருக்கும்.

உண்மையிலேயே நன்மைதானா?

இதெல்லாம் கண்ணுக்கு அழகான காட்சி. ஆனால் விஞ்ஞானத்தில் காட்சி மட்டும் போதாது. துப்புரவு மீனால் மற்ற மீன்களுக்கு உண்மையில் நன்மை விளைகிறது என்பதற்கு என்ன சான்று? இந்தக் கேள்வி சுமார் நாற்பது ஆண்டுகள் விஞ்ஞானிகளை அலைக்கழித்தது.

அமெரிக்கரான கான்ராட் லிம்பா, கரீபியன் பகுதியில் உள்ள பகாமாத் தீவுகளில் இரண்டு சிறு பாறைகளிலிருந்து துப்புரவு செய்யும் உயிரினங்கள் அனைத்தையும் அகற்றினார். இரண்டு வாரங்களில் பெரும்பாலான மீன்கள் அங்கிருந்து போய்விட்டன. எஞ்சியவற்றின் உடலில் புண்களும் வீக்கங்களும் தோன்றின என்று அவர் எழுதினார். 1961-இல் அக்கட்டுரை வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. முந்தைய ஆண்டு பிரான்சில் நீரடிக் குகை ஒன்றில் மூழ்கி இறந்துபோனார். கட்டுரை உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, துப்புரவாளர்களை அகற்றாத பாறைகளை அவர் முறையாகக் கணக்கெடுக்கவில்லை. ஹவாய்த் தீவுகளில் வேறொரு துப்புரவு மீன் இனத்தை அகற்றிச் சோதித்தவர்களுக்கு அத்தகைய மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஜார்ஜ் லோசி என்பவர், வாடிக்கை மீன்கள் வருவது உடல் நலத்துக்காக அல்ல, வருடிவிடும் சுகத்துக்காகத்தான் என்று கருதினார். அப்படியானால் துப்புரவு மீன் மருத்துவன் அல்லன், சுகம் காட்டி ஏமாற்றிப் பிழைக்கும் எத்தன் என்றாகிவிடும்!

வழக்கைத் தீர்த்தது ஓர் எளிய சோதனை. குரூட்டர் ஒரே இனத்தைச் சேர்ந்த வாடிக்கை மீன்களைக் கூண்டுகளில் அடைத்து, துப்புரவு மீன்கள் உள்ள பாறைகளில் சிலவற்றையும், அவை அகற்றப்பட்ட பாறைகளில் சிலவற்றையும் வைத்தார். பன்னிரண்டே மணி நேரத்தில் இரு தொகுதிகளுக்கும் இடையே ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையில் 4.5 மடங்கு வேறுபாடு தெரிந்தது. 1999-இல் இது வெளியாயிற்று. ஆண்டுக்கணக்கில் என்ன ஆகும் என்பதை அறிய, லிசார்டு தீவின் சில சிறு பாறைகளில் துப்புரவு மீன்கள் தலைகாட்டாதபடி எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து அகற்றி வந்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது, மற்றப் பாறைகளைவிட அங்கே நிலையாக வாழும் மீன்கள் 37 சதவீதம் குறைவாகவும், மீன் இனங்கள் 23 சதவீதம் குறைவாகவும் இருந்தன. இம்முடிவு 2011-இல் வெளிவந்தது. ஒரு விரல் நீள மீன் இல்லாமற்போனால் பாறையில் குடித்தனமே கலைகிறது.

லோசி சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. தொட்டியில் வைத்த மீன்களின் அருகே, துப்புரவு மீனின் பொம்மையை அசையவிட்டு வருடச் செய்தபோது, அவற்றின் இரத்தத்தில் மனஇறுக்கத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற சுரப்பு குறைந்தது என்று 2011-இல் கண்டார்கள்.

கோழையின் ஆசை

இனிதான் காக்கையின் சிக்கல் வருகிறது. மீனைக் கையில் பிடித்தால் வழுக்குகிறதே, அந்த வழவழப்பு அதன் உடலைப் போர்த்தியிருக்கும் கோழைப்படலத்தால் உண்டாவது. கிருமிகளிலிருந்து மீனைக் காக்கும் கவசம் அது, சத்து நிறைந்ததும்கூட. ஒட்டுண்ணியையும் கோழையையும் ஒரு தட்டில் பக்கம் பக்கமாக வைத்துத் துப்புரவு மீனைத் தேர்ந்தெடுக்க விட்டபோது, அது கோழையைத்தான் விரும்பியது! அதாவது இந்த மருத்துவனுக்கு நோயை விட நோயாளியின் மேல்தான் ஆசை. அப்படியிருந்தும் நாள் முழுவதும் பெரும்பாலும் ஒட்டுண்ணியைத் தின்கிறதே, ஏன்?

ரெடுவான் பிஷாரி என்ற விஞ்ஞானி செங்கடலிலும், பின்னர் குரூட்டருடன் சேர்ந்து லிசார்டு தீவிலும் இதை ஆராய்ந்தார். துப்புரவு மீன் கோழையைக் கடித்தால் வாடிக்கை மீன் வெடுக்கென்று உடலைச் சிலிர்க்கும். இது கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய நிகழ்ச்சி. அதற்குப் பிறகு நடப்பது வாடிக்கையாளரைப் பொறுத்தது.

சில மீன்கள் பாறையின் ஒரு சிறு பகுதியை விட்டு நகர்வதில்லை. அவற்றுக்கு எட்டுவது ஒரே ஒரு துப்புரவு நிலையம். ஊரில் ஒரே மளிகைக் கடை இருந்தால், கடைக்காரர் எடையில் குறைத்தாலும் அங்கேதானே போகவேண்டும்? எனவே இந்த மீன்கள் கடைக்காரரோடு சண்டை போடுகின்றன. கடித்த துப்புரவு மீனைத் துரத்துகின்றன; துரத்தப்பட்ட மீன் அடுத்த முறை ஒழுங்காக நடந்துகொள்கிறது. பரந்த எல்லையில் சுற்றும் மீன்களுக்கோ பல நிலையங்கள் தெரியும். அவை சண்டை போடுவதில்லை. பேசாமல் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுகின்றன. இவற்றை இழக்க விரும்பாத துப்புரவு மீன், உள்ளூர் மீன் ஒன்றும் வெளியூர் மீன் ஒன்றும் சேர்ந்து வந்தால் வெளியூராரைத்தான் முதலில் கவனிக்கிறது. உள்ளூரார் காத்திருக்கலாம், எங்கே போய்விடப் போகிறார்? மூன்றாவது வகை, களவா போன்ற ஊனுண்ணிகள். அவற்றிடம் துப்புரவு மீன் ஏமாற்றுவது மிக அரிது. காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. ஆய்வுக்கூடத் தொட்டியில், வாடிக்கை மீனுக்குப் பதிலாக ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்து, அதில் மீன் விரும்பும் இறால் விழுதையும், அவ்வளவாக விரும்பாத செதில் உணவையும் தடவினார்கள். இறாலைத் தின்றவுடன் தகட்டை எடுத்துவிடுவார்கள். அல்லது கைப்பிடியால் தகட்டை ஆட்டி மீனைத் துரத்துவார்கள். செதில் உணவைத் தின்னும் வரை தகடு இருக்கும். சில முறைகளிலேயே மீன்கள் ஆசையை அடக்கிச் செதில் உணவை முதலில் தின்னக் கற்றுக்கொண்டன. வேறொரு மீன் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் கட்டுப்பாடாக நடந்துகொண்டன என்பதுதான் 2006-இல் வெளியான செய்தி. பார்க்கும் மீனும், ஒழுங்காக வேலை செய்யும் துப்புரவு மீனின் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றது. தேர்வு அறையில் கண்காணிப்பாளர் நடமாடும்போது மட்டும் தலை நிமிராமல் எழுதும் மாணவன் உங்கள் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

குடும்பத்துக்குள்ளும் தண்டனை உண்டு. ஓர் ஆண் மீனின் ஆட்சியில் சில பெண் மீன்கள் வாழ்கின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு பெரிய மீனைத் துப்புரவு செய்யும்போது பெண் மீன் கோழையைக் கடித்தால், வாடிக்கை மீன் கிளம்பிவிடும், இருவருக்கும் நட்டம். உடனே ஆண் மீன் பெண் மீனைத் துரத்தித் தாக்குகிறது. அடுத்த முறை பெண் மீன் அடங்கி நடக்கிறது. நிக்கோலா ரைஹானி என்பவரும் அவருடைய தோழர்களும் 2010-இல் இதை நிறுவினார்கள். ஆண் யோக்கியனா என்று கேட்காதீர்கள். அதுவும் சமயம் வாய்த்தால் கடிப்பதுதான்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் வேறொரு அச்சமும் உண்டு. இவ்வினத்தில் எல்லா மீன்களும் பெண்ணாகவே வளர்கின்றன. ஆண் இறந்துபோனால் கூட்டத்தின் மிகப் பெரிய பெண் மீன் ஓரிரு மணி நேரத்திலேயே ஆணைப்போல் அதிகாரம் செய்யத் தொடங்குகிறது. இரண்டு, இரண்டரை வாரங்களில் உடலாலும் ஆணாகிவிடுகிறது. ராபர்ட்சன் என்பவர் 1972-இல் வெளியிட்ட இந்தச் செய்தி அப்போது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. கோழையைத் தின்று கொழுக்கும் பெண் மீன் நாளைக்கு ஆண் மீனுக்குப் போட்டியாளர் ஆகலாம். தன் பருமனை நெருங்கிவிட்ட பெண்களையே ஆண் அதிகமாகத் தண்டிக்கிறது.

இவ்வளவு கணக்குகளையும் போடும் மூளை ஒரு விரல் நீள உடலுக்குள் எப்படி அடங்குகிறது? ஜப்பானின் ஒசாகா நகரில் கோடா மசனோரி என்பவரின் குழு, இம்மீனின் தொண்டையில் ஒட்டுண்ணி போன்ற பழுப்புப் புள்ளி ஒன்றை இட்டுக் கண்ணாடி முன் விட்டது. மீன் தன் உருவத்தைப் பார்த்துவிட்டுப் போய்த் தொண்டையைத் தரையில் தேய்த்தது! கண்ணாடியில் தெரிவது தானே என்று அறிந்தால்தானே இப்படிச் செய்ய முடியும்? 2019-இல் இது வெளியானபோது பல அறிஞர்கள் நம்ப மறுத்தார்கள். 2022-இல் மீண்டும் செய்த சோதனையில் 18 மீன்களில் 17 தேறின. சர்ச்சை முழுவதும் ஓய்ந்துவிடவில்லை.

சூடேறிய கடல்

லிசார்டு தீவைப் பற்றி இன்னொரு செய்தி இருக்கிறது. 2014-இல் இட்டா என்ற புயலும், 2015-இல் நாதன் என்ற புயலும் அத்தீவைத் தாக்கின. 2016-இல் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறிப் பவழங்கள் வெளுத்து மடிந்தன. அதன்பின் பிஷாரியின் குழு கணக்கெடுத்தபோது துப்புரவு மீன்களில் 80 சதவீதம் காணவில்லை. வாடிக்கை மீன்களும் குறைந்திருந்தன. ஆனால் அந்த அளவுக்கு அல்ல.

எஞ்சியிருந்த துப்புரவு மீன்களைப் பிடித்துவந்து, வெளியூர் மீனையும் உள்ளூர் மீனையும் குறிக்கும் இரண்டு தகடுகளைக் காட்டிப் பழைய சோதனையைச் செய்து பார்த்தார்கள். 'வெளியூர்'த் தகட்டை முதலில் கவனிக்காவிட்டால் அது எடுக்கப்பட்டுவிடும். 'உள்ளூர்'த் தகடு காத்திருக்கும். சிம்பன்சி முதலிய குரங்கினங்களில் பெரும்பாலானவை தடுமாறிய இந்தச் சோதனையில், முந்தைய ஆண்டுகளில் இதே பாறைகளிலிருந்து பிடித்த வயது வந்த துப்புரவு மீன்கள் தேறியிருந்தன. 2016-க்குப் பிறகு பிடித்தவை தேறவில்லை. எந்தத் தகட்டை முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவற்றுக்குப் பிடிபடவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் கூறும் விளக்கம் இது: பாறையில் துப்புரவு நிலையங்கள் அருகிவிட்டன, வெளியூர் மீனுக்கும் இப்போது வேறு கடை இல்லை. காக்க வைத்தாலும் அது போய்விடாது. யாரை முதலில் கவனித்தால் என்ன என்ற நிலையில், அந்தப் பாடத்தைக் கற்க வேண்டிய தேவையே மீன்களுக்கு இல்லாமல் போயிருக்கிறது.